வரி விவரத்திரட்டை யாரிடம் ஒப்படைப்பது? திருநெல்வேலிக் குடும்பங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

திருநெல்வேலிச் சந்தியில் இருந்து இராமநாதன் வீதி, ஆடியபாதம் வீதி வழியே போனால் அறை வாடகைக்கு விடும் வீடுகள் நிறையத் தென்படும். 1974 இல் தொடங்கிய யாழ்ப்பாண வளாகம் பின்னர் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சுற்றியுள்ள குடும்பங்கள் பலவற்றுக்கு மாணவர்களின் வாடகைப் பணம் நிரந்தர வருமானமானது. போரில் உழைப்பவரை இழந்த வீடுகளுக்கு அதுவே அடுப்பெரித்த வருமானமாகவும் இருந்திருக்கிறது. ஆனாலும் வருமான வரி என்பது அரச உத்தியோகத்தருக்கும் பெரிய வியாபாரிக்கும் உரியது, நமக்கு உரியது சோலை வரி மட்டுமே என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது.

2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அந்த எண்ணம் செல்லாது. வரிச் சட்டம் அடுத்தடுத்துத் திருத்தப்பட்டது. 2024 இல் இருந்து 18 வயதுக்கு மேற்பட்டோர் வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் பெற வேண்டும் என்ற நிலை வந்தது. நடைமுறைக் கணக்குத் திறப்பது, கட்டட வரைபடத்துக்கு அனுமதி எடுப்பது, வாகனம் பதிவது, காணி பதிவது ஆகிய அலுவல்களுக்கு அந்த இலக்கம் தேவை என அறிவிக்கப்பட்டது. இலக்கம் எடுத்த பலருக்கு அடுத்த கேள்வி எழுந்தது: விவரத்திரட்டை யார் நிரப்பித் தருவார்?

தெரிந்த பையனா, தொடர்பாடல் நிலையமா, கணக்காளரா, ஓய்வுபெற்ற வரி அதிகாரியா, சட்டத்தரணியா, கொழும்பில் உள்ள நிறுவனமா? இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் ஒரு அளவுகோல் உண்டு. 'வரியைக் குறைத்துத் தருகிறேன்' என்று முதலில் சொல்பவரை விட, உங்கள் குடும்பத்தைப் பற்றி முதலில் கேள்வி கேட்பவரே உங்களுக்கு ஏற்றவர். ஏன் என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்க்கலாம்.

குடும்பத்துக்கு என்று ஒரு விவரத்திரட்டு இல்லை

இலங்கையில் இப்போது நடைமுறையில் இருப்பது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் திருத்தங்களும். இந்தச் சட்டப்படி கணவன், மனைவி, பிள்ளை என ஒவ்வொருவரும் தனித்தனி வரி செலுத்துநர். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரு விவரத்திரட்டுக் கொடுக்கும் முறை கிடையாது. ஆகவே 'வீட்டுக் கணக்கு' என்று பேச்சில் சொன்னாலும், தயாரிப்பவர் பிரித்துப் பார்க்க வேண்டியது ஒவ்வொருவரின் பெயரையும் அந்தப் பெயரில் வரும் வருமானத்தையும்தான்.

வரி மதிப்பாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது. 2025/2026 மதிப்பாண்டுக்கான விவரத்திரட்டை 2026 நவம்பர் 30 க்கு முன் கொடுக்க வேண்டும். வரியை அதுவரை வைத்திருக்க முடியாது. ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என நான்கு தவணைகளில் கட்டிவர வேண்டும். மிகுதி இருந்தால் செப்டெம்பர் 30 க்குள் தீர்க்க வேண்டும். விவரத்திரட்டுடன் மார்ச் 31 அன்று உள்ள சொத்துகளையும் கடன்களையும் காட்டும் கூற்றும் போகும்.

2025 ஏப்ரல் 1 முதல் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய். அதற்கு முன்பு அது 12 இலட்சமாக இருந்தது. நிவாரணம் கழிந்தபின் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அதற்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம், மிகுதிக்கு 36 வீதம் வரி. வங்கி வைப்பு வட்டியில் 10 வீதம் முற்பண வருமான வரியாகக் கழிக்கப்படுகிறது. அதுவும் 2025 ஏப்ரலில் 5 வீதத்தில் இருந்து உயர்ந்ததுதான்.

ஒரு கணக்கு, மூன்று விடைகள்

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். தாய் ஓய்வுபெற்ற ஆசிரியை. அரச ஓய்வூதியம் பெறுகிறார். வீட்டின் அறைகளை மாணவர்களுக்கு விட்டு மாதம் 120,000 ரூபாய் வாடகை எடுக்கிறார். ஆண்டுக்கு அது 1,440,000 ரூபாய். நிலையான வைப்பு வட்டியாக ஆண்டுக்கு 480,000 ரூபாய் வருகிறது. அதில் 48,000 ரூபாயை வங்கி முற்பண வருமான வரியாகக் கழித்துவிட்டது.

முதலாவது ஆள் ஓய்வூதியத்தைக் கேட்டுவிட்டு, 'உங்களுக்கு வரி வராது, ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை' என்று அனுப்பிவிடுகிறார். அரச ஓய்வூதியத்துக்கு வரி இல்லை என்பது உண்மை. ஆனால் அவர் வைப்பையும் வாடகையையும் பற்றிக் கேட்கவே இல்லை. வங்கி கழித்த 48,000 ரூபாய் போனது போனதுதான்.

இரண்டாவது ஆள் வாடகையையும் வட்டியையும் கூட்டுகிறார். 1,920,000 ரூபாய். அதில் 18 இலட்சத்தைக் கழிக்க 120,000 மிஞ்சுகிறது. அதற்கு 6 வீதம் 7,200 ரூபாய். வங்கி கழித்ததில் இருந்து அதை எடுத்துவிட்டு, 40,800 ரூபாயைத் திரும்பக் கேட்கலாம் என்கிறார்.

மூன்றாவது ஆளுக்கு இன்னொரு விதியும் தெரியும். இலங்கையில் வதியும் தனிநபர் ஒருவர் தமது முதலீட்டுச் சொத்தில் இருந்து பெறும் வாடகையில் 25 வீதத்தைத் திருத்த வேலை, பராமரிப்பு முதலியவற்றுக்கான நிவாரணமாகக் கழிக்கலாம். அதற்குச் செலவுப் பற்றுச்சீட்டுத் தேவையில்லை. 1,440,000 இல் 25 வீதம் 360,000 ரூபாய். அதைக் கழித்தால் வரி விதிக்கும் தொகையே மிஞ்சாது. 48,000 ரூபாயையும் முழுமையாகத் திரும்பக் கேட்கலாம்.

ஒரே தாய், ஒரே வருமானம், மூன்று விடைகள். யாரும் பொய் எழுதவில்லை. கேட்டதும் தெரிந்ததும்தான் வேறுபட்டன.

கணக்கு இத்துடனும் முடியாது. மாணவர்களுக்குச் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தால் அது வெறும் வாடகையா, வியாபாரமா என்ற கேள்வி வரும். வியாபாரம் என்றால் 25 வீதக் கழிவுக்குப் பதிலாக அரிசி, எரிவாயு, வேலையாள் சம்பளம் போன்ற உண்மையான செலவுகளின் கணக்கு வேண்டும். நல்ல தயாரிப்பாளர் இதை நீங்கள் சொல்லும்வரை காத்திருக்க மாட்டார். அவரே கேட்பார்.

உறுதி யார் பெயரில்?

இப்போது அந்தக் கற்பனைக் குடும்பத்தில் ஒன்றை மாற்றுவோம். வீடு முதுசமாக வந்தது. உறுதியில் தாயுடன் கனடாவில் உள்ள அவருடைய தம்பியின் பெயரும் உண்டு. ஆளுக்குப் பாதி.

அப்படியானால் தாயின் பங்கு வாடகை 720,000 ரூபாய் மட்டுமே. வட்டியையும் சேர்த்தால் 12 இலட்சம். அது 18 இலட்சத்தைத் தாண்டவில்லை. இந்த நிலையில் உள்ள ஒருவர் வங்கிக்குச் சுய பிரகடனம் கொடுத்து, வட்டியில் வரி கழிக்காமல் இருக்கச் செய்யலாம். பணத்தைக் கழிக்கவிட்டுப் பிறகு திரும்பக் கேட்டு அலையத் தேவையில்லை.

தம்பியின் பாதியோ அவருடைய சொந்த வருமானம். அவர் ரொறன்ரோவில் இருந்தாலும் இலங்கையில் உள்ள வீட்டின் வாடகைக்கு இலங்கை வரிச் சட்டம் பொருந்தும். இலங்கைக் குடியுரிமை வைத்திருப்பவருக்கு வெளிநாட்டில் வதிந்தாலும் தனிநபர் நிவாரணம் உண்டு. கனடாக் குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் விட்டவருக்கு அது கிடையாது. அவர் முதல் ரூபாயில் இருந்தே வரி கட்ட நேரலாம். வாடகையை அக்காவே செலவழித்தாலும், தம்பி 'எனக்கு வேண்டாம், நீங்களே எடுங்கோ' என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாலும், உறுதியில் உள்ள பெயர் மாறுவதில்லை. அதை எப்படிக் கையாள்வது என்பதற்குச் சட்டத்தரணியின் ஆலோசனையும் வேண்டும்.

கனடா, பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளுடன் இலங்கைக்கு இரட்டை வரி தவிர்ப்பு உடன்படிக்கைகள் உண்டு. அங்குள்ள உறவினர் இந்த வாடகையைத் தமது நாட்டிலும் காட்ட வேண்டிவரும். ஒரே பணத்துக்கு இரு நாடுகளிலும் முழு வரி கட்டாமல் இருக்க, இங்கே கட்டிய வரிக்கான சான்று அவருக்குத் தேவைப்படும். 'அண்ணையின்ரை கணக்காளர் அங்கையிருந்தே எல்லாம் செய்வார்' என்று விடுவதில் ஒரு சிக்கல் உண்டு. கனடாவின் வரி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, பிரித்தானியாவில் ஏப்ரல் 6 இல், அவுஸ்திரேலியாவில் ஜூலை 1 இல். அங்குள்ளவர் திறமையானவராக இருக்கலாம். ஆனால் இலங்கையின் காலக்கெடுவும் 25 வீத வாடகை நிவாரணமும் அவருடைய அன்றாட வேலையில் இல்லாதவை.

அதனால் தயாரிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எவ்வளவு வருமானம்' என்பது அல்ல. 'உறுதி யார் பெயரில், அது சீதனமா, முதுசமா, தேடிய தேட்டமா, பெயரில் உள்ளவர் எங்கே' என்பதுதான். தேசவழமைச் சட்டம் பொருந்தும் குடும்பங்களில் இந்த மூன்றும் வேறு வேறு உரிமைகள். அவை குழம்பியிருந்தால், நல்ல தயாரிப்பாளர் தாமே தீர்ப்புச் சொல்லாமல் நொத்தாரிசு அல்லது சட்டத்தரணியிடம் அனுப்புவார்.

காணாமல் ஆக்கப்பட்டவரின் பெயரில் சொத்து இருந்தால்

நம் வீடுகளில் பலவற்றில் கேள்வி இதைவிடக் கடினமானது. காணியோ வங்கிக் கணக்கோ காணாமல் ஆக்கப்பட்ட கணவரின் பெயரில், மகனின் பெயரில் இருக்கும். அவர் எங்கே என்பதற்கு அரசிடம் இருந்து பதில் இல்லை. குடும்பம் மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்து வருகிறது. அந்த மறுப்புக்குக் காரணம் உண்டு.

2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் காணாமல் போனவரை இறந்தவராகப் பதியும் வழியை மட்டுமே தந்தது. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தம் 'காணப்படாமைச் சான்றிதழ்' என்ற இன்னொரு வழியைத் திறந்தது. அதைப் பெறுவது அவர் இறந்துவிட்டார் என்று ஏற்றுக்கொள்வதாகாது. அந்தச் சான்றிதழை வைத்துக் குடும்பத்தினர் அவருடைய சொத்து, கணக்கு தொடர்பான சில அலுவல்களைச் செய்ய முடியும்.

வரிக் கணக்கில் இந்த வேறுபாடு முக்கியம். ஒருவர் இறந்ததாகப் பதியப்பட்டால் அவருடைய சொத்து உரித்தாளர்களிடம் போவது பற்றிய கேள்விகள் எழும். காணப்படாமைச் சான்றிதழ் என்றால் கடதாசியில் அவர் இன்னும் உரிமையாளர்தான். அந்த நிலையில் வாடகை யாருடைய வருமானம், யார் காட்டுவது என்பதைச் சட்டத்தரணியுடன் சேர்ந்து எழுத்தில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'படிவத்துக்கு லேசாக இருக்கும், மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாருங்கோ' என்று அலட்சியமாகச் சொல்பவரிடம் அந்த வேலையை ஒப்படைக்காதீர்கள். அது ஒரு குடும்பம் பல ஆண்டுகளாகத் தெருவில் நின்று கேட்டுவரும் கேள்வியைத் தொடும் முடிவு. ஒரு விவரத்திரட்டை நிரப்பும் வசதிக்காக எடுக்கப்படக் கூடாது. உங்கள் நிலையைச் சொன்னபின், அதற்குள் நின்று என்ன செய்யலாம் என்று யோசிப்பவரே உங்களுக்கு வேண்டியவர்.

காணி விற்றிருந்தால்

1990 இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் பகுதிகளில் தங்கியவர்கள் பலர். விடுவிக்கப்பட்ட காணியைத் திரும்பப் போய்க் கட்டியெழுப்ப வசதியில்லாமல் விற்றுவிட்டவர்களும் அவர்களில் உண்டு. காணி விற்பனைக்கு மூலதன ஆதாய வரி உண்டு என்பது பலருக்கு விற்றபிறகே தெரியவருகிறது.

2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கு இந்த வரி 15 வீதம். அதற்கு முன் 10 வீதம். வரி விற்ற முழு விலைக்கும் அல்ல, ஆதாயத்துக்கு மட்டுமே. 2017 செப்டெம்பர் 30 அன்று உங்களிடம் இருந்த காணி என்றால், அன்றைய சந்தைப் பெறுமதியே அதன் கிரயமாக எடுக்கப்படும். பேரனார் காலத்தில் சில நூறு ரூபாய்க்கு எழுதிய உறுதியின் விலை அல்ல. இதைத் தெரியாதவர் பழைய உறுதி விலையைப் போட்டுக் கணக்கிட்டால், இல்லாத ஆதாயத்துக்கு வரி கட்ட நேரும்.

ஆனால் 2017 செப்டெம்பரில் அந்தக் காணி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தால், அல்லது மயிலிட்டியில் 2017 ஜூலையில் விடுவிக்கப்பட்ட பகுதியைப் போல அப்போதுதான் கைக்குக் கிடைத்திருந்தால், அதன் 'சந்தைப் பெறுமதி' என்ன? இதைச் சும்மா ஊகித்து எழுதக் கூடாது. தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையைக் கேட்காமலே ஒரு தொகையைப் போடுபவர், நாளை திணைக்களம் கேள்வி கேட்டால் உங்களைத்தான் முன்னால் நிறுத்துவார்.

இன்னும் இரண்டு விடயங்கள். விற்ற வீடு நீங்கள் குடியிருந்த முதன்மை வீடாக இருந்தால் குறித்த நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. விற்பதற்கு முன்னான 3 ஆண்டுகள் தொடர்ந்து உரிமையாளராக இருந்து, அதில் குறைந்தது 2 ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மற்றது, மூலதன ஆதாயத்துக்கான அறிவிப்பையும் வரியையும் நவம்பர்வரை தள்ள முடியாது. விற்ற ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டும். ஆகவே தயாரிப்பவரைத் தேட வேண்டிய நேரம் உறுதி எழுதுவதற்கு முன்னர்தான்.

வெளிநாட்டில் இருந்து வரும் பணம்

பிள்ளையோ சகோதரமோ குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணம் பெறுபவரின் உழைப்பு வருமானம் அல்ல. அதைக் கண்டு பயந்து மறைக்கவும் தேவையில்லை, வருமானமாக எழுதவும் தேவையில்லை. ஆனால் அந்தப் பணத்தில் வாங்கிய வைப்பும் வாகனமும் சொத்துக் கூற்றில் வரும். ஓய்வூதியத்துடன் வாழும் ஒருவரிடம் இவ்வளவு சொத்து எப்படி என்று கேட்டால், வங்கி வழியாக வந்ததற்கான பற்றுச்சீட்டே பதில். உண்டியல் முறையில் வந்த பணத்துக்கு அந்தப் பதில் இராது. தயாரிப்பவர் 'சொத்துப் பக்கத்தை வெறுமையாக விடுவம்' என்று சொன்னால், அவர் இன்றைய வேலையை இலகுவாக்கி நாளைய சிக்கலை உங்களிடம் விட்டுச் செல்கிறார்.

இதிலிருந்து வேறானது இங்கிருந்தபடியே இணையவழியில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து உழைக்கும் பணம். மென்பொருள், வடிவமைப்பு, மொழிபெயர்ப்பு என இளையோர் பலர் இதைச் செய்கிறார்கள். வெளிநாட்டு நாணயத்தில் பெற்று வங்கி மூலம் நாட்டுக்குள் கொண்டுவரும் இந்த வருமானம் முன்பு வரிவிலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் உயர்ந்தபட்சம் 15 வீதம் வரிக்கு உட்பட்டது. 'டொலரில் வந்தால் வரி இல்லை' என்று இன்றும் சொல்பவர் பழைய சட்டத்தில் நிற்கிறார். பட்டியலில் உள்ள மற்றவர்களின் அறிவைச் சோதிக்கவும் இந்த ஒரு கேள்வி போதும்.

யாருக்கு யார் பொருத்தம்?

நீங்களே செய்வது: சம்பளம் மட்டுமே வருமானம், தொழில்தருநர் முற்பண வரியைக் கழித்துவிட்டார் என்றால் பொதுவாகத் தனியாக விவரத்திரட்டுத் தேவைப்படாது. சம்பளமும் ஒரு வைப்பும் மட்டும் உள்ளவர், தொழில்தருநரின் வரிச் சான்றிதழையும் வங்கியின் முற்பண வரிச் சான்றிதழையும் வைத்துத் தாமே நிரப்பலாம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்திலும் 1944 என்ற தொலைபேசி இலக்கத்திலும் விளக்கம் கேட்கலாம். தமிழில் கேட்பது உங்கள் உரிமை, சலுகை அல்ல.

தெரிந்தவர் அல்லது தொடர்பாடல் நிலையம்: கணினியில் பதிவேற்ற உதவுவதும் வரிக் கணக்கைத் தீர்மானிப்பதும் வேறு வேறு வேலைகள். எண்களை நீங்களோ தகுதியுள்ள ஒருவரோ முடிவுசெய்தபின் பதிவேற்றுவதற்கு மட்டும் இவர்களின் உதவி போதுமானது.

கணக்காளர்: வாடகையும் வியாபாரமும் கலந்திருந்தால், வெளிநாட்டு உறவினருடன் கூட்டுச் சொத்து இருந்தால், இணையவழி உழைப்பு இருந்தால் இவர்தான் வேண்டும். இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் அங்கத்தவரா, வேறு தொழில்சார் அமைப்பின் அங்கத்தவரா என்று கேளுங்கள். அங்கத்துவ இலக்கம் கேட்பது அவமரியாதை அல்ல. பட்டயக் கணக்காளர் எல்லாருமே தனிநபர் வரியில் அனுபவம் உள்ளவர்களும் அல்ல. கம்பனிக் கணக்காய்வு மட்டும் செய்பவர்களும் உண்டு.

ஓய்வுபெற்ற வரி அதிகாரி: திணைக்களத்தின் நடைமுறை இவருக்குக் கைவந்தது. எப்போது ஓய்வுபெற்றார், 2025 திருத்தங்களைப் படித்தாரா என்று பாருங்கள். 'உள்ளுக்கு ஆட்களைத் தெரியும்' என்பது தகுதி அல்ல.

சட்டத்தரணி: இறந்தவரின் சொத்து, காணாமல் ஆக்கப்பட்டவரின் சொத்து, உறுதிச் சிக்கல், அற்றோணித் தத்துவம், திணைக்களத்துடன் பிணக்கு ஆகியவற்றில் இவர் இன்றி நகரக் கூடாது. எண்களைக் கணக்காளரும் உரிமையைச் சட்டத்தரணியும் பார்க்கும் ஏற்பாடே சிக்கலான குடும்பங்களுக்குப் பாதுகாப்பானது.

பொறுப்பு யாருடையது?

யார் தயாரித்தாலும் விவரத்திரட்டு உங்களுடையது. அதில் உள்ளது உண்மை என்று உறுதிசெய்பவர் நீங்கள். பிந்தினாலும் தண்டம் உங்கள் பெயரில்தான் வரும். செலுத்த வேண்டிய வரியின் 5 வீதமும் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 வீதமும், அல்லது 50,000 ரூபாயும் மாதத்துக்கு 10,000 ரூபாயும், இரண்டில் எது கூடவோ அது என்று சட்டம் சொல்கிறது. உச்ச எல்லை 400,000 ரூபாய். கட்டாத வரிக்கு வட்டி வேறு. 'அவர்தான் அனுப்புவதாகச் சொன்னவர்' என்பது அங்கே எடுபடாது.

ஆகவே ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டியவை சில:

• கட்டணம் எவ்வளவு, எதற்கெல்லாம் என்று எழுத்தில் தருவாரா? திரும்பக் கிடைக்கும் பணத்தில் வீதம் கேட்பவர் தொகையை ஊதிக்காட்டும் ஆசைக்கு ஆளாகலாம்.

• தயாரித்தவர் என்று தமது பெயரையும் கையெழுத்தையும் இடுவாரா? தயங்குபவரிடம் கொடுக்க வேண்டாம்.

• அனுப்பும் முன் ஒவ்வொரு தொகையையும் தமிழில் விளக்கிக் காட்டுவாரா? படிவம் ஆங்கிலத்தில் நிரப்பப்பட்டாலும் விளக்கம் உங்கள் மொழியில் வர வேண்டும்.

• திணைக்களத்தில் இருந்து கடிதம் வந்தால் கூட வருவாரா? அதற்கு எழுத்து மூலம் அதிகாரம் கொடுக்க வேண்டுமா?

• மூல ஆவணங்களைத் திருப்பித் தருவாரா? உறுதியின் மூலப் பிரதியை யாரிடமும் விட்டு வராதீர்கள். பிரதி போதும். இடப்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் இருந்து பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் அதில் பதிந்த மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் உங்களுடையதாகவே இருக்க வேண்டும். 2024 இல் அவசரமாக இலக்கம் எடுத்தபோது வேறு யாருடைய மின்னஞ்சலையாவது கொடுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் திணைக்களத்தின் அறிவித்தல் உங்களுக்கு வந்து சேராது. வரிப் பணத்தைத் தயாரிப்பவர் கையில் கொடுக்காமல் வங்கியிலோ இணையவழியிலோ நீங்களே கட்டிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். அனுப்பியதற்கான உறுதிப்படுத்தலின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். இவை எல்லாவற்றையும் குறைந்தது 5 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வரி அதிகாரிகளுக்கு உங்கள் தகவலை இரகசியமாக வைக்கும் சட்டக் கடப்பாடு உண்டு. தெருமுனையில் படிவம் நிரப்புபவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. யார் வெளிநாட்டில், எவ்வளவு அனுப்புகிறார், வைப்பு எவ்வளவு, யார் காணாமல் ஆக்கப்பட்டவர் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கும். பதிவுகளும் விசாரணைகளும் எங்களுக்குப் புதியவை அல்ல. அந்தப் பயம் காரணமற்றதும் அல்ல. ஆனால் பயத்தால் எதையும் கொடுக்காமல் விடுவதும், பயத்தால் எல்லாவற்றையும் யாரோ ஒருவர் கையில் திணித்துவிடுவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்: உங்கள் பெயரில் உள்ள கணக்கு உங்களுக்கே தெரியாமல் போகும்.

நவம்பருக்குக் காத்திருக்காமல், ஒரு கோப்பை எடுத்து உறுதிகளின் பிரதி, வங்கிச் சான்றிதழ்கள், வாடகைக் குறிப்பு, வெளிநாட்டுப் பணப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஆள் ஆளாகப் பிரித்து அடுக்குங்கள். அந்தக் கோப்புடன் இரண்டு பேரிடம் போங்கள். ஒரே விபரத்தைச் சொல்லி, அவர்கள் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். வரி வீதங்களும் நிவாரணங்களும் வரவுசெலவுத் திட்டத்துடன் மாறக்கூடியவை. அதனால் அனுப்பும் ஆண்டில் அவற்றைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள், அல்லது 1944 க்கு அழைத்துக் கேளுங்கள்.